கடுகளவு சதையும் ஒரு பாட்டிலும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ரத்தசோகை பற்றிப் பேசினோம். இந்த முறை குடலில் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி பரிசோதனை பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "இதெல்லாம் டாக்டருங்க சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாங்களும் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் ஒரு விஷயம் நடந்தது. அந்தச் சகோதரி, "என் பேரு, ஊரு பேரு வேண்டாம், மத்தபடி எல்லாத்தையும் சொல்லுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அதனால்தான் பேசுகிறோம்.

அவருக்கு வயது 41. பூ கட்டி விற்கிறவர், மூன்று ஆடும் வைத்திருக்கிறார். வலது பக்கம் அடிவயிற்றில் வலி, சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல், சாப்பிட்டால் வயிறு உப்புசம், கொஞ்ச நாள் பேதி, கொஞ்ச நாள் மலச்சிக்கல். ஐந்து மாசத்தில் பதினோரு கிலோ இளைத்துவிட்டார். ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள்கூட "சுகர் இருக்கப் போவுது, பாருக்கா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில், சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் சுவர் தடித்திருப்பதாகச் சொன்னார்கள். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சின்னச் சின்னதாக நான்கு துண்டு சதை எடுத்தார்கள். அதை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, அவர் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப் இருக்கு, கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அன்று சனிக்கிழமை. அவர் போய்ச் சேருவதற்குள் லேப் மூடிவிட்டது. பாட்டிலை ஊருக்குக் கொண்டு வந்தார். சதை ஆச்சே, கெட்டுப்போகுமே என்று பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில், மேலே ஐஸ் கட்டுகிற பெட்டியில் வைத்தார். திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

இதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். கறியும் மீனும் கெடாமல் இருக்க நாம் அதைத்தானே செய்கிறோம்?

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "கேன்சர் மாதிரி இருக்கு. பெரிய ஆபரேஷன் செய்யணும்" என்றார். கேன்சர் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர்கள் காதில் வேறு எதுவும் விழவில்லை. வீட்டுக்காரர் செயினை அடகு வைத்து 40,000 வாங்கினார். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் காலேஜில் கட்ட வைத்திருந்த பணமும் ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைக்கப்பட்டது. நம் குழுவில் அவசரக் கூட்டம் போட்டு 25,000 கடன் கொடுத்தோம். பத்தே நிமிஷத்தில் தீர்மானம் போட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. ரிப்போர்ட்டை வாங்கி யாரும் படிக்கவில்லை. ஆடு வாங்கக் கடன் கேட்டால் ஆட்டைக் காட்டு, காப்பீட்டு வில்லையைக் காட்டு என்கிற நாங்கள், இதில் ஒரு காகிதத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து கிராம சுகாதார செவிலியர் வேறு ஒரு வேலையாக வந்தவர், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "இதுல கேன்சர்னு யாருக்கா எழுதியிருக்கா?" என்றார். அதில் ஆங்கிலத்தில் இருந்ததன் அர்த்தம் இதுதான்: துண்டுகள் நசுங்கியிருக்கின்றன, சரியாகப் பதப்படவில்லை, கருத்த சிறிய அணுக்கள் தெரிகின்றன, புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தை ஒதுக்க முடியவில்லை, மறுபடியும் சதை எடுத்து அனுப்பவும். லேப் டாக்டர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். கடைசி வரியை யாரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நாங்கள் இரண்டு பேர் கூடப் போய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். அங்கே சதைப் பரிசோதனை செய்கிற பெண் டாக்டர், பழைய சிலைடுகளைப் பார்த்துவிட்டு எங்களையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். அன்று அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறோம்.

முதலில், எவ்வளவு சின்ன விஷயத்தை வைத்து எவ்வளவு பெரிய முடிவு எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நம் சிறுகுடல் கிட்டத்தட்ட 20 அடி நீளம். குழாய் வழியாக எடுக்கிற ஒரு துண்டு 2 அல்லது 3 மில்லிமீட்டர். கடுகு அளவு, மிஞ்சிப்போனால் கொஞ்சம் பெரிசு. அதை முதலில் ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். மாங்காயை உப்பில் போட்டால் அழுகாமல் அப்படியே நிற்கிறது இல்லையா, அதுபோல ஃபார்மலின் சதையை இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. பிறகு அதில் உள்ள நீரைச் சாராயத்தில் வாங்கிவிட்டு, உருக்கிய மெழுகில் பதிக்கிறார்கள். அதற்கு மெழுகுக் கட்டி என்று பெயர். இந்தக் கட்டிக்கு யாரும் பயப்பட வேண்டாம். அந்தக் கட்டியிலிருந்து தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சீவல் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அணுவின் கருவுக்கு ஏறுகிற அந்தக் கருநீலச் சாயம் ஒரு மரக்கட்டையிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் துணிக்கு ஏற்றிய சாயம்தானாம். சாயப்பட்டறையில் வேலை செய்த சகோதரிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இத்தனை கை மாறி வருகிற கடுகளவு சதையில், எந்த இடத்தில் வேண்டுமானாலும் கோளாறு வரலாம். உடம்பில் இல்லாத ஒன்று, எடுக்கும்போதோ எடுத்த பிறகோ சதையில் உண்டாகிவிடுகிறது. டாக்டர்கள் அதை ஆர்ட்டிஃபாக்ட் என்கிறார்கள். நாம் 'கைப்பட்ட கோளாறு' என்று வைத்துக்கொள்வோம். நோயால் வந்ததா, கைபட்டு வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்த டாக்டருக்குப் பெரிய வேலை.

நம் சகோதரியின் சதைக்கு என்ன ஆனது? மூன்று கோளாறு சேர்ந்துவிட்டது. ஒன்று, இடுக்கியால் கிள்ளும்போது நசுங்கியது. கொத்தமல்லித் தழையை விரலால் நசுக்கினால் இலையா தண்டா என்று தெரியாமல் பச்சைக் கூழாகிறது அல்லவா? அதேபோல நோயை எதிர்க்கிற சாதாரண வெள்ளை அணுக்கள் நசுங்கினால் இழுபட்டு, கருத்து, புற்றுநோய் அணு மாதிரியே தோன்றுமாம். இரண்டு, பாட்டிலில் இருந்தது ஃபார்மலின் இல்லை, சலைன். அதாவது நரம்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர். இரண்டும் பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். மூன்று, ஐஸ் பெட்டி. சதைக்குள் இருக்கிற நீர் ஊசி ஊசியாக உறைந்து அணுக்களைக் குத்திக் கிழித்துவிடும். ஐஸ் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் தொளதொளவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள்.

குடல் சதைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஜீரணம் செய்கிற இடம். வெளியே எடுத்து, பதப்படுத்தாமல் வைத்தால் தன்னைத்தானே கரைக்க ஆரம்பித்துவிடும். உள்சுவரின் மேல் தோல் உரிந்து போகும். பார்க்கிறவர்களுக்குப் புண் மாதிரி இருக்கும். இது மருத்துவ உலகத்தையே பல வருஷம் குழப்பிய விஷயம். கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய் ஒன்று இருக்கிறது, சீலியாக் என்பார்கள். அந்த நோயில் இறந்தவர்களின் குடலைப் பார்த்தபோது உள்சுவர் தேய்ந்திருந்தது. "அது செத்த பிறகு கரைந்தது, நோயால் வந்தது இல்லை" என்று பெரிய டாக்டர்களே தள்ளிவிட்டார்கள். 1954-ல் இங்கிலாந்தில் பாலி என்ற மருத்துவர், உயிரோடு இருப்பவர்களுக்கு ஆபரேஷன் செய்யும்போது எடுத்த சதையைப் பார்த்து, தேய்வு நிஜமான நோய்தான் என்று காட்டினார். இல்லாத நோயை இருக்கு என்று சொல்வது மட்டும் தப்பு இல்லை பாருங்கள். இருக்கிற நோயை இது கைப்பட்ட கோளாறு என்று ஒதுக்குவதும் நடக்கும்.

அந்த நோயைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். சிறுகுடலின் உள்பக்கம் வழவழவென்று இருக்காது. தேங்காய்ப்பூ துண்டு மாதிரி, நுண்ணிய விரல்கள் அடர்த்தியாக நிற்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். சீலியாக் நோயில் இந்த விரல்கள் தேய்ந்து சமதளம் ஆகிவிடும். ஆனால் மெழுகுக் கட்டியில் சதை நிமிர்ந்து உட்காராமல் சாய்ந்து உட்கார்ந்து, சீவலும் சாய்வாக விழுந்தால், நல்ல குடலே தேய்ந்த மாதிரிதான் தெரியும். வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம், தண்டு என்னவோ ஒன்றுதான். அதனால்தான் ஒரு துண்டு போதாது. சிறுகுடலின் முதல் வளைவைத் தாண்டி நான்கு துண்டாவது, அதற்கு முந்தைய பகுதியில் ஒன்றிரண்டு எடுக்க வேண்டும் என்றும், ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் ஆயுள் முழுக்கக் கோதுமையே தொடக்கூடாது. நம் பக்கம் இந்த நோய் வடநாட்டு அளவுக்கு இல்லை.

நம் வேலூர் கதை ஒன்று. 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தீராத பேதி நோய் பரவி நிறைய உயிர் போனது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். குழாயில் கட்டிய சின்னக் குப்பி ஒன்றை விழுங்க வைத்து, சிறுகுடலிலிருந்து துளி சதை எடுப்பார்கள். நோயாளிகளிடம் மட்டும் இல்லாமல் நல்லபடியாக நடமாடுகிறவர்களிடமும் எடுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, நம் ஊர்க்காரர்களின் குடல் விரல்கள் வெள்ளைக்காரர் புத்தகப் படத்தில் இருப்பதைவிடக் குட்டையாகவும் இலை போல அகலமாகவும் இருக்கின்றன என்று. நல்ல தண்ணீர், கழிப்பிட வசதி இல்லாமல் சின்ன வயசிலிருந்தே கிருமியோடு வாழ்கிற குடல் அப்படி ஆகிறது என்கிறார்கள். வெளிநாட்டுப் படத்தை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் ஊரையே நோயாளி என்று எழுதியிருப்பார்கள்.

சரி, நம் சகோதரி விஷயத்துக்கு வருவோம். மருத்துவக் கல்லூரியில் மறுபடியும் குழாய் விட்டார்கள். "திரும்பவுமா?" என்று அழுதார். முதல் நாள் வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கிற மருந்துதான் குழாயைவிடக் கஷ்டம் என்பார் அவர். இந்தத் தடவை புண்ணின் ஓரத்திலிருந்து எட்டு துண்டு எடுத்தார்கள். இரண்டு பாட்டில். ஒன்றில் ஃபார்மலின், அது மைக்ராஸ்கோப்புக்கு. ஒன்றில் சலைன், அது காசநோய்க் கிருமியைத் தேடுகிற சிபிநாட் டெஸ்டுக்கும் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்க்க முடியாது. சலைனில் போட்டால் சதை கரைந்துவிடும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. பாட்டில் மாறினால் இரண்டுமே வீண்.

முடிவு வந்தது. குடல் காசநோய். புற்றுநோய் இல்லை. சிபிநாட்டிலும் கிருமி தெரிந்தது. குடல் சதையில் அது எல்லோருக்கும் தெரிந்துவிடாது, இவருக்குத் தெரிந்தது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர்.

ஆறு மாசம் மாத்திரை, எல்லாம் அரசில் இலவசம். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் கொடுக்கிறார்கள். அதுவும் வந்தது, கொஞ்சம் தாமதமாகத்தான். நுரையீரலில் இல்லாமல் குடலில் மட்டும் இருக்கிற காசநோய் இருமல், மூச்சு வழியாக மற்றவர்களுக்குத் தொற்றாது. அது தெரியாமல் சில வீடுகளில் தட்டு டம்ளரைத் தனியாக வைத்ததும் நடந்தது. அது பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போட வேண்டும்.

இப்போது அவர் ஒன்பது கிலோ ஏறியிருக்கிறார். பெண் ஒரு வருஷம் தாமதமாகக் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

நினைத்துப் பாருங்கள். அந்த முதல் ரிப்போர்ட்டை நம்பிக் குடலை வெட்டியிருந்தால்? இன்னொரு வகையிலும் ஆபத்து இருந்ததாம். குடல் காசநோய்க்கும் குரோன் என்ற வேறொரு குடல் நோய்க்கும் பார்வைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கிற காசநோய் கொழுந்துவிட்டு எரியும்.

அப்படியானால் நம்மால் என்ன செய்ய முடியும்? மைக்ராஸ்கோப் பார்ப்பது நம் வேலை இல்லை. ஆனால் பாட்டில் நம் கையில்தான் வருகிறது.

பாட்டிலைக் கையில் கொடுத்தால் "இதுல இருக்கறது ஃபார்மலினா, சலைனாம்மா? எந்த டெஸ்டுக்கு?" என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மோந்து பார்க்கிறேன் என்று திறந்துவிடாதீர்கள், ஃபார்மலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும், உடம்புக்கு விஷம். துண்டு மூடியிலோ பக்கத்திலோ ஒட்டிக்கொள்ளாமல் திரவத்தில் முழுசாக மூழ்கியிருக்க வேண்டும். பெயரும் வயதும் எந்த இடத்துச் சதை என்பதும் பாட்டிலின் மேலேயே எழுதியிருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிவிடும். ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம், வெயிலிலும் வைக்க வேண்டாம். லேப் எத்தனை மணிக்கு மூடுவார்கள், சனி ஞாயிறு உண்டா என்று சதை எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது உத்தமம். லேப் கிடையாது என்றால் அந்தத் தேதியையே மாற்றச் சொல்லலாம்.

அடுத்தது, சாப்பிடுகிற மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். நடவு, களையெடுப்பு முடிந்து உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் கலர் கலராக வாங்கிப் போடுகிறோமே, அந்த வலி மாத்திரைகள் நிஜமாகவே குடலில் புண் உண்டாக்கும். அது தெரியாவிட்டால் டாக்டர் வேறு நோய் என்று நினைத்துவிடுவார். வயிறு சுத்தம் செய்யக் கொடுக்கிற சில மருந்துகள்கூடச் சின்னப் புண் போன்ற தடத்தை விட்டுவிடுமாம். அதனால் எந்த மருந்து குடித்தோம் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்தால் கடைசி வரி வரை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். "போதாது", "நசுங்கியிருக்கிறது", "மறுபடி அனுப்பவும்" என்று இருந்தால் லேப்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறவர்தான் நம்பத் தகுந்தவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட்டு மட்டும் போதாது, சிலைடையும் மெழுகுக் கட்டியையும் லேப்பில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதைக் கேட்க நமக்கு வழி இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "அப்போ எந்த ரிப்போர்ட்டையும் நம்பக்கூடாதா?" என்று கேட்டார். அப்படி இல்லை. பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் சரியாகத்தான் வருகின்றன. புற்றுநோய் என்று தெளிவாக எழுதியிருந்தால் கைப்பட்ட கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்து. சந்தேகம் என்று எழுதியிருந்தால், பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு டாக்டர் அதே சிலைடைப் பார்க்கட்டும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதைத் தள்ளிப்போடாமல் உடனே செய்ய வேண்டும்.

இதை ஒட்டி அன்று இரண்டு தீர்மானம் போட்டோம். மருத்துவக் கடன் மனு வந்தால் கடனை நிறுத்தி வைக்கக்கூடாது. ஆனால் அதே நாளில் சுகாதாரக் குழுவிலிருந்து ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் முழுசாகப் படித்துக் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை டெஸ்ட் எடுக்கவும் போக்குவரத்துக்கும் 3,000 ரூபாய் வரை வட்டியில்லாமல் கொடுக்க வேண்டும். இரண்டாவது தீர்மானத்துக்கு மூன்று குழுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பொது நிதி குறைந்துவிடும் என்றார்கள். ஆறு மாசம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று முடிவானது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் செவிலியர் காலை 11 மணிக்கு வருகிறார். வீட்டில் பழைய ரிப்போர்ட்டு, ஸ்கேன் படம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மஞ்சப்பையில் மடித்துத் திணிக்காமல், ஒரு ஃபைலில் போட்டு, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு வந்தால் அவருக்கு உதவியாக இருக்கும்.